பட்டாளத்துக்குப் போன பெரிய வார்த்தை

அடுத்தவர் கேட்கிற மன்னிப்பை நாம் டைப் அடிக்கிற தொழில் இது. மன்னிப்பு கிடைக்காதபோதுதான் நம் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் கடை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு விழிக்கும் சகாக்களுக்கு என் பாடு புரியும்.

நாலு வரிப் பதில்

ராஜபாளையத்திலிருந்து ஒரு மில் சூப்பர்வைசர் வந்தார். மெமோவுக்குப் பதில் வேண்டும். நாலே வரியில் நல்ல இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "எனக்கே புரியுது. பொறவு மேனேஜர் எப்பிடி அண்ணாச்சி பயப்படுவாரு?"

சும்மா கிடந்த வார்த்தை

அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் கான்சாபுரம் முருகேசன் வந்தான். பட்டாளத்துக்காரன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததால், லீவு முடிந்தும் ஒன்பது நாள் ஊரிலேயே தங்கிவிட்டான். போனில் கூப்பிட்ட சுபேதாரிடம் வேறு எரிந்து விழுந்திருக்கிறான். விளக்கக் கடிதம் சரியாக அமையாவிட்டால் வேலைக்கே ஆபத்து.

'தப்பாகப் பேசிவிட்டேன்' என்று எழுத வேண்டிய இடம். ஒரு வக்கீல் நோட்டீஸில் பொறுக்கிய 'இன்ஃபெலிசிட்டஸ்லி' என்ற வார்த்தை ஒரு மாதமாக என்னிடம் சும்மா கிடந்தது. சொல்லக் கூடாத விதமாகச் சொல்லிவிட்டேன் என்பதற்கு அது. தூக்கிப் போட்டேன். முருகேசன் இரண்டு தரம் வாசிக்கப் பார்த்தான். "வாய்க்குள்ளயே நுழையல. நல்ல வெயிட்டு அண்ணாச்சி."

பதினோரு மணி போன்

அவன் திரும்பிப் போன ஐந்தாம் நாள், அவன் மனைவி செல்வி கடைக்கு ஓடி வந்து போனை என் கையில் திணித்தாள். முருகேசன்தான். "அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேக்காரு மேஜர். தெரியலன்னேன். ஒன் கடுதாசி ஒனக்கே தெரியலன்னா, அப்பா ஆஸ்பத்திரியில கெடந்ததும் பொய்தானேங்காரு. அவரு ரூமுக்கு வெளிய நிக்கேன் அண்ணாச்சி."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். செல்வி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நான் ஜம்பத்துக்குப் போட்டதுப்பா. அதையும் சொல்லிரு. சுபேதார்கிட்ட என்ன பேசுன, ஏன் பேசுன, தெரிஞ்ச இந்தியில நீயே சொல்லு" என்றேன்.

முக்கால் மணி நேரம் அவள் உட்காரவே இல்லை. வாங்கி வைத்த டீ ஆறிப்போயிற்று. மறுபடி போன் வந்தது. அடுத்த லீவு ரத்து, வேலை தப்பியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கியவள் திரும்பிச் சொன்னாள்: "சொல்லச் சொல்ல அவிய அழுதுட்டாகளாம் அண்ணாச்சி. அதுக்கு மேஜரு அர்த்தம் கேக்கலயாம்."

ஆக, சகாக்களே, பெரிய வார்த்தைக்கு ஆபீசர் யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. பயந்தது டைப் அடித்த நான்தான்.