சாலைக் கடைத்தெருவில் என் இடது கை

சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் நாகர்கோவில் அக்கா, தேங்காயெண்ணெயில் காப்பித்தூளும் பயற்றங்குருணையும் போட்டு வீட்டில் காய்ச்சிய சோப்பை என்னிடம் நீட்டுகிறார். வாசனைக்கு மயங்குகிற ஆளில்லை நான்; வேண்டாம் என்கிறேன்.

"கைய நீட்டு மக்ளே."

பேருந்துப் புழுதி படிந்த என் வலது கையை மட்டும் பரபரவென்று தேய்க்கிறார். அழுக்கு திரிதிரியாக உருண்டு வருகிறது. கழுவிப் பார்த்தால் இரண்டு கைகளும் இரண்டு பேருடையவை போல இருக்கின்றன.

அதற்குள் கடைக்கு வந்த இரண்டு பெண்களிடம் அக்கா என் கைகளைச் சேர்த்துப் பிடித்துக் காட்டுகிறார். ஆளுக்கு இரண்டு சோப்பு வாங்கிப் போகிறார்கள். தோற்றுப்போய் நானும் ஒன்று எடுக்கிறேன்.

"காசு வேண்டாம். ஆனா இன்னைக்குக் குளிச்சிராத மக்ளே. நாளைக்கும் இதே இடது கையோட வரணும், கேட்டோ."