பாய்லர்காரர் கேட்ட சத்தம்

அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய மூலையில், காது பரிசோதிக்கும் அறை இருந்தது. அறைக்குள் இன்னோர் அறை. தடித்த கதவும் ஒரே ஒரு கண்ணாடிச் சதுரமும் கொண்ட கூண்டு. நோயாளி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதற்குள் உட்காருவார். வெளியே மேஜையிலிருந்து விதவிதமான அளவில் சத்தம் அனுப்புவது அவள் வேலை. சத்தம் காதில் விழுந்தால் நோயாளி கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். உடனே அவள் மேஜையில் பச்சை விளக்கு எரியும். பதினாறு வருடமாக இதையே செய்துவந்ததால் 'பீப் அக்கா' என்றால்தான் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், கீழே டோக்கன் கொடுக்கும் அண்ணனே ஒரு கணம் முழிப்பார்.

முப்பத்தாறு வயதில் அவளுக்குப் பெருங்குடலில் புண் வந்தது. மாத்திரை, ஊசி, ரத்தப்போக்கு என்று ஐந்து வருடம் ஓடியது. ஒரு நாளைக்கு இருபது தடவை கழிப்பறைக்குப் போவாள். எடை முப்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கியபோது வயிற்று டாக்டர் பெருங்குடலை எடுத்துவிட்டார். அதன்பின் வயிற்றின் மேல் ஒரு பையை ஒட்டிக்கொண்டு வாழ வேண்டியிருந்தது. அந்தப் பசை அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. தோல் உரிந்தது, பை கசிந்தது, பஸ்ஸில் உட்காரப் பயந்து நின்றுகொண்டே போனாள். ஒரு வருடம் கழித்து டாக்டர் வேறொரு வழி சொன்னார்.

"சிறுகுடலோட கடைசிப் பகுதியை மடிச்சு, உள்ளேயே ஒரு பை தைச்சிடலாம். வெளியே எதுவும் தொங்காது. வயித்துல காசு அளவுக்கு ஒரு வாய் மட்டும் இருக்கும். உள்ள ஒரு வால்வு வைப்போம், அதனால தானா எதுவும் வெளிய வராது. ஒரு நாளைக்கு நாலு தடவை நீங்களே குழாயை விட்டு காலி பண்ணிக்கணும்."

"அப்ப எனக்குள்ள புதுசா ஒரு உறுப்பா, டாக்டர்?"

"புதுசு இல்லம்மா. உங்க குடல்தான். வேற வேலை பார்க்கப்போகுது, அவ்வளவுதான்."

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. என்றாலும் சரி என்றாள்.

பை நன்றாகவே வேலை செய்தது. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து, படுக்கும் முன் ஒரு தடவை. குழாயின் நுனியில் வழவழப்பு மருந்தைத் தடவி வயிற்று வாயில் வைத்துத் தள்ளுவாள். விரல் நீளம் போனதும் லேசாக ஒரு தடை. மூச்சை வெளியே விட்டால் அது விட்டுக்கொடுக்கும். பிறகு ஐந்து நிமிடம், கொஞ்சம் தண்ணீர், ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு. காளான், சோளம், நிலக்கடலை மூன்றையும் அடியோடு விட்டாள், அவை குழாயை அடைத்துக்கொள்ளும் என்பதால். ஆபீசில் குழாயைக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருந்தாள்.

"கண்ணாடியே போடாத ஆளுக்கு எதுக்கு கண்ணாடிக் கூடு?" என்று டோக்கன் அண்ணன் ஒருமுறை கேட்டார்.

"போடுற வயசு வராமலா போயிடும், அண்ணே?" என்று சொல்லி நழுவிவிட்டாள். கணவரையும் தங்கையையும் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

சங்கடம் என்று ஒன்று இருந்தது என்றால் அது சத்தம்தான். பை தன் இஷ்டத்துக்குப் புரளும், உறுமும், சில சமயம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியதுபோல இருக்கும். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், "மாடியில குடிவந்தவங்க நாற்காலி நகர்த்துறாங்க போல" என்று சிரிப்பார். வீட்டில் அவளும் சேர்ந்து சிரிப்பாள். காது அறையின் அமைதியில் சிரிப்பு வராது. அங்கே பை அசையும்போதெல்லாம், வேறு யாரோ எழுந்து நடமாடுவதை உட்கார்ந்து கேட்பதுபோல அவளுக்குப் பிடரி சில்லிடும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பாய்லர்காரர் வந்தார். துணி வெளுக்கும் தொழிற்சாலையில் நீராவி பாய்லர் பார்ப்பவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரைச்சலில் நின்று நின்று காது போய்விட்டது. கீச்சுச் சத்தம் எதுவும் அவருக்குக் கேட்காது, கனமான சத்தம் மட்டும் கேட்கும். கூண்டுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

பாதிப் பரிசோதனையில், அவள் எதுவும் அனுப்பாத நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அது சகஜம்தான். பலர் அவசரத்தில் அழுத்திவிடுவார்கள். மறுபடி எரிந்தது. அடுத்த மூச்சில் அவள் வயிற்றுக்குள் பை புரண்டது. மூன்றாம் தடவையும் அப்படியே. முதலில் விளக்கு, அப்புறம் பை. அவள் மேஜையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தார். விளக்கு எரிந்தது, எரிந்தபடியே நின்றது. அவர் பட்டனை விடவில்லை. அப்போது அவளுக்குள் எதுவோ மெதுவாக மடங்கியது. வலி இல்லை.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"நான் சத்தமே அனுப்பலையே, சார். எதுக்கு அழுத்துனீங்க?"

"கேட்டுச்சும்மா. அதான் அழுத்தினேன்."

"பீப்புன்னு கேட்டுச்சா?"

"பீப் இல்ல. குழாய்ல தண்ணி ஏறுற சத்தம். முப்பது வருஷம் அது பக்கத்துலயே நின்னவன், எனக்குத் தெரியாதா? கடைசியா வந்தது மட்டும் வேற."

"வேறன்னா?"

"வால்வு நழுவுற சத்தம். உட்கார வேண்டிய இடத்துல உட்காராம மடங்கிக்கும். அந்த மாதிரி ஆச்சுன்னா உடனே ஆளைக் கூப்பிட்டுடணும்மா. வெளிய போக வழி இருக்காது, உள்ளுக்குள்ளயே ஏறிக்கிட்டே போகும்." அவர் கையிலிருந்த ஹெட்ஃபோனைத் திருப்பிப் பார்த்தார். "உங்க மெஷினுக்குள்ள ஏதோ கோளாறு போல. காட்டுங்க."

அவரை அனுப்பிவைத்தபோது மணி பதினொன்றே முக்கால். கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். குழாய் விரல் நீளம் போய் நின்றது. மூச்சை விட்டாள். விட்டுக்கொடுக்கவில்லை. தரையில் துண்டை விரித்துப் படுத்து முழங்காலை மடக்கி முயன்றாள். நுனி எதிலோ முட்டி வளைந்தது. பலவந்தமாகத் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கலாம், மாலை வரைகூடப் பொறுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் பாய்லர்காரரின் குரல் காதிலேயே நின்றது. அவள் டோக்கன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மாடிக் கழிப்பறைக்கிட்ட வாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவர் மூச்சிரைக்க வந்து கதவுக்கு வெளியே நின்றார். கதவுக்கு உள்ளேயிருந்தே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குடல் எடுத்தது, பை, வால்வு, குழாய்.

"இத்தனை நாளா இதை வெச்சுக்கிட்டா வேலைக்கு வந்தே?" என்றார் அவர். "சரி, நீ அசையாத. நான் வண்டி பிடிக்கிறேன்."

வயிற்று டாக்டர் வேறோர் ஆஸ்பத்திரியில் இருந்தார். போய்ச் சேர்வதற்குள் வயிறு லேசாக இறுகத் தொடங்கியிருந்தது. அவர் விளக்குப் பொருத்திய மெல்லிய கருவியை விட்டுப் பார்த்து, வழி கண்டு, குழாயை உள்ளே செலுத்தி அங்கேயே ஒட்டிவைத்தார். வால்வு தன் இடத்திலிருந்து நழுவி மடங்கியிருந்தது.

"பொதுவா நல்லா வீங்கினப்புறம்தான் எல்லாரும் வருவாங்க. நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம்?"

"ஒருத்தர் சொன்னார், டாக்டர்."

"யாரு, உங்க ஆஸ்பத்திரி சர்ஜனா?"

"பாய்லர் பார்க்கிறவர்."

மயக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்து அவர் நர்ஸைப் பார்த்தார்.

மறுவாரம் மீண்டும் ஆபரேஷன். வால்வைத் திரும்பக் கட்டினார்கள். முதல் தடவை விட்டுவைத்திருந்த மலக்குடலின் கடைசித் துண்டையும், அதில் புண் தொடர்ந்ததால், அப்போதே எடுத்துவிட்டார்கள். பதினொரு வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். மெஷின் பழுதுபார்ப்பவரை முதல் வேலையாகக் கூப்பிட்டு, நோயாளியோடு பேச மேஜையில் வைத்திருக்கும் மைக் வழியாக வெளிச் சத்தம் கூண்டுக்குள் போகுமா என்று கேட்டாள்.

"சுவிட்சை அழுத்திப் பிடிச்சாத்தான் போகும், மேடம். கையை எடுத்தா மூடிக்கும். முழங்கை பட்டிருக்கும்."

"இருக்கும்," என்றாள். கைகள் மடியில் இருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

அதே வாரம் பாய்லர்காரர் காதுக் கருவி வாங்க வந்தார். உட்கார்ந்ததும், "சரி பண்ணிட்டாங்களா?" என்றார்.

"எதை, சார்?"

"அந்த வால்வை."

அவர் மெஷினைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்பவர்போலத் தலையைச் சாய்த்திருந்தார்.

"பண்ணிட்டாங்க," என்றாள்.

"நல்லது. இப்ப சத்தமே இல்ல."

அவள் கருவியைப் பொருத்தி, பாட்டரி மாற்றுவதைச் சொல்லிக்கொடுத்தாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. குழாய் சுலபமாகப் போகிறது. டோக்கன் அண்ணன் மாடிக் கழிப்பறைக்கு நல்ல பூட்டு போடவைத்து, சாவி ஒன்றை அவளிடமே கொடுத்திருக்கிறார். ஆனால் இரண்டாம் ஆபரேஷனுக்குப் பின் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது. காலை ஆறரை மணிக்கு, பையைக் காலி செய்து முடித்த பிறகும், பழைய அவசரம் வருகிறது. நோய்க் காலத்தில் ஓடவைத்த அதே முட்டல், அதே இடத்தில். அங்கே இப்போது எதுவுமே இல்லை. கீழே ஆசனவாயையும் தைத்து மூடிவிட்டார்கள். எடுத்த பிறகும் நரம்பு மறக்காது, கை போனவர்களுக்கு விரல் அரிப்பதுபோலத்தான் என்று டாக்டர் சொன்னார்.

முதலில் அவள் பல்லைக் கடித்துப் படுத்தே கிடந்தாள். அது விடவில்லை. பிறகு எழுந்து போய்க் கழிப்பறையில் சும்மா உட்கார ஆரம்பித்தாள். பத்து நிமிடம் உட்கார்ந்தால், போய்விட்டதுபோல ஒரு நிம்மதி வருகிறது.

"ஆச்சா?" என்று கணவர் வெளியிலிருந்து கேட்பார்.

"ஆச்சுங்க," என்பாள். எது ஆயிற்று என்று அவரும் கேட்பதில்லை.

சில நாள் அது கூப்பிடுவதில்லை. அந்தக் காலைகளில், பையைக் காலி செய்துவிட்டுத் திரும்பப் படுத்தவள் எழுவதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அது கூப்பிடுமா என்று மணி ஏழாகும்வரை காத்திருக்கிறாள்.