ஒரு கேஸ் பேப்பரில் இரண்டு பேர்

என்னுடையவை என்று அந்த டாக்டரம்மா மேசையில் பரப்பிய எக்ஸ்ரேக்களில் பாதி என்னுடையவை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டு வயதுக்குள் கணக்கில்லாத நிமோனியா, இரண்டு தடவை டிபி மாத்திரை முழு கோர்ஸ். சளியில் ஒருமுறைகூட டிபி கிருமி கிடைத்ததில்லை. இது என்ன விசித்திரம் என்று எங்கள் வட்டார ஆஸ்பத்திரியில் அலுத்துப்போய் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். டாக்டரம்மா பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார்.

"இங்கே ஐந்து மாதக் கர்ப்பம் என்று எழுதியிருக்கிறதே. உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

அது என் அக்கா. இருபது வருடமாக அவளும் நானும் என் பெயரில் இருந்த ஒரே கேஸ் பேப்பரை, அந்த ஒரே ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தோம். அவளைத் திலக் நகரில் கட்டிக்கொடுத்தபோது, அவளுக்கு அடிக்கடி நெஞ்சுச்சளி வரும் என்பதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு சொல்ல முடியாது. அதனால் காய்ச்சல் வந்தால் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா பரணிலிருந்து என் ஃபைலை எடுத்துக் கொடுப்பாள். அக்கா நானாக மாறி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பாள். வெளிநோயாளிகள் கூட்டத்தில் யார் முகத்தை யார் பார்க்கிறார்கள்? முகக்கவசம் வந்த பிறகு இன்னும் வசதியாகப் போயிற்று. எங்கள் சந்தில் இதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. ஒரு வீட்டு ஃபைல், ஒரு வீட்டுப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டுவார் என்று பார்த்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இப்படி இருக்கிறது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால்..." என்று நிறுத்திக்கொண்டார்.

முதலில் எனக்குப் பரிசோதனை நடந்தது. நிமோனியா தடுப்பூசி போடுவதற்கு முன் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். போட்டு நான்கு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். தடுப்பூசி உள்ளே போனதும் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிரான பொருளைத் தானே தயாரிக்க வேண்டும். தயாரித்ததா இல்லையா என்று இரண்டு ரத்தத்தையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். என் ரத்தத்தில் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஊசி போட்டதை என் உடம்பு கண்டுகொள்ளவே இல்லை.

பிறவியிலேயே வந்த எதிர்ப்புச் சக்திக் குறை என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஐஸ் தண்ணீர் குடித்தாய், ஈரத்தலையோடு படுத்தாய், லோக்கல் டிரெயினில் கதவோரம் காற்று வாங்கினாய் என்று ஆயுள் முழுக்க என் தலையில் பழியைப் போட்டவர்கள் ஒவ்வொருவர் முகமும் கண்முன் வந்தது. நான் வேலை பார்க்கும் தாதர் கூரியர் ஆபீஸில், டிபி ஒட்டிக்கொள்ளும் என்று என் பக்கத்து நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டவள் முகமும் வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் பிரதி எடுத்து மறுநாள் அவள் மேசைமேல் வைத்தேன். படிக்கட்டும்.

மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருளை மாதம் ஒருமுறை டிரிப்பில் ஏற்றினால் போதும், காய்ச்சல்கள் குறைந்துவிடும் என்றார்கள். எனக்கு ஏற்றினார்கள். குறைந்தன. ஆனால் அக்கா? ஒவ்வொரு நிமோனியாவும் நுரையீரலில் தழும்பு வைத்துவிட்டுப் போகும், தழும்பு ஏறிய இடம் பழையபடி ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்காவுக்கு இப்போதே மாடிப்படி ஏறினால் பேச்சு வருவதில்லை.

பரிசோதனைக்கு வா என்று கூப்பிட்டேன். அக்கா ஒரே பிடியாக நின்றாள். "மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கப்போற நேரம். ஒம் பேர்லன்னா வாரேன். எம் பேர்ல ரத்தச் சீக்குன்னு ஒரு காயிதம் இருக்கப்படாது."

என் பெயரில் முடியாது. இரண்டு பேர் ரத்தம் ஒரே பெயரில் கலந்தால் முன்னும் பின்னும் எதை எதோடு ஒப்பிடுவது? இதை எத்தனை தடவை சொன்னேனோ, அத்தனை தடவையும் அவள் பேச்சை மாற்றினாள்.

மழைக்காலம் ஆரம்பித்ததும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வழக்கம்போல எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அம்மா பரணைப் பார்த்தாள். ஃபைல் என் கையில் இருந்தது.

"தரமாட்டேன்" என்றேன். "இப்பமே டாக்சி பிடிக்கேன், நானும் கூட வாரேன். ஒம் பேரைச் சொல்லிப் பாரு."

"கூடப் பொறந்தவளுக்கு ஒரு பேரக் குடுக்க மனசு வரலியாட்டி ஒனக்கு?" என்று அம்மா கத்தினாள்.

"அவளுக்குன்னு நீ வச்ச பேரு ஒண்ணு இருக்குல்லா? அதை எதுக்கு வச்சே?"

அக்கா திரும்பிப் போய்விட்டாள். உதவி கேட்டு வந்தவளை, அதுவும் உடம்பு கொதிக்க வந்தவளை, வெறும் கையோடு அனுப்பினேன். ஏதாவது ஆகியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். ஆனாலும் ஃபைலைக் கொடுத்திருக்க மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலையில் அத்தான் போன் செய்தார். "பெரிய ஆஸ்பத்திரி கேட்டுல நிக்கோம். எந்த வழியா உள்ள வரணும்?" என்றார். ஓடினேன். அவரைத் தனியாக இழுத்து, அக்கா உடம்பு விஷயம் உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "ஒரே கட்டில்ல படுக்கவனுக்கு இருமல் கேக்காதா? நீங்களே மறைக்கியளே, நான் கேட்டா அவ சங்கடப்படுவாளேன்னு இருந்துட்டேன். நேத்து ராத்திரி அவளே சொல்லிட்டா" என்றார். நல்ல மனிதர்தான். இருபது வருட நல்ல மனத்துக்காக அன்றைக்கு அவரை அடித்தால் என்ன என்று இருந்தது.

கேஸ் பேப்பர் ஜன்னலில் கிளார்க் பெயர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் தன் பெயரை, கொஞ்சம் உரக்கவே, சொன்னாள்.

காய்ச்சல் இறங்கிய பிறகு ரத்தம் எடுத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நான்கு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அவள் உடம்பும் என் உடம்பு மாதிரியே ஊசியைக் கண்டுகொள்ளவில்லை. மகளுக்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா. அக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சரி, மறுபடியும் சண்டைதான் என்று நான் தயாரானேன். அவளோ பையிலிருந்து போனை எடுத்து மாப்பிள்ளைப் பையனின் அம்மாவை அழைத்தாள்.

"நான்தான் பேசுதேன். எனக்கு ரத்தத்துல ஒரு குறை இருக்கு, பொறந்ததுலேருந்தே. இல்ல, ஒட்டுற சீக்கு இல்ல. மாசாமாசம் ஏத்திக்கிடப்போறேன். மகளுக்கும் பாக்கச் சொல்லுதாவ, பாத்துருவோம். வேற யாரும் சொல்லி நீங்க கேக்கப்படாது, அதான் நானே சொல்லுதேன்."

அந்தப் பக்கம் பேசியதை ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி" என்று போனை வைத்தாள்.

"என்ன சொன்னாவ?" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுதாவளாம். நல்லா யோசிக்கட்டும்" என்று எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "மருந்து ஏத்துற ரூம் எங்கனட்டி இருக்கு? வா, போவோம்."