வேலை முடிந்தபின் வந்த ‘பொறுக்கவும்’

உலக சாஃப்ட்வேர் வரலாற்றின் மாபெரும் போர் இன்று நாரணாபுரத்தில் நடந்தது.

பட்டாசு கம்பெனிக்குப் பெட்டி லேபிள் அடிக்க நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. பட்டனை அமுக்கினால் திரை மரம் மாதிரி நின்றுவிடும். பேக்கிங் பார்க்கும் செல்வியம்மா பதறிப்போய் மறுபடி மறுபடி அமுக்குவார். உயிர் வந்ததும் அத்தனை அமுக்கலுக்கும் லேபிள் கொட்டும். சாத்தூர் வரை ரோட்டில் ஒட்டலாம்.

முதலாளி சொல்லிவிட்டார்: “லோடு கிளம்புறதுக்குள்ள சரியாகலைன்னா பழையபடி கையிலயே எழுதிக்கிடுறோம் அண்ணாச்சி.”

நானா விடுவேன்? அமுக்கியதும் ‘பொறுக்கவும்’ என்று திரையில் வரும்படி ஒரு வரி சேர்த்தேன். செல்வியம்மா அமுக்கினார். திரை நின்றது. லேபிளெல்லாம் வந்து முடிந்தபிறகு அந்த வரி மாப்பிள்ளை மாதிரி மெதுவாக வந்து நின்றது.

“அதான் முடிஞ்சிருச்சே அண்ணாச்சி, இன்னும் எதுக்குப் பொறுக்கச் சொல்றீக?” என்றார் செல்வியம்மா.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. திரையில் எழுதுவது, பட்டனைக் கவனிப்பது, லேபிள் தயாரிப்பது எல்லாம் ஈவென்ட் லூப் என்கிற ஒரே வரிசையில் ஒவ்வொன்றாகத்தான் நடக்கும். லேபிள் வேலை நந்தி மாதிரி முன்னால் மறித்துக்கொண்டிருந்தது. அதைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது பக்கத்தில் ஓடும் இன்னொரு வரிசைக்குத் தள்ளினேன். முடியும்வரை பட்டனையும் பூட்டினேன்.

லாரி லேபிளோடு கிளம்பிவிட்டது.

எல்லாம் முடிந்தபிறகு வந்து ‘பொறுங்க’ என்கிற ஆள் உங்கள் ஆபீஸிலும் இருப்பாரே? பெயரைச் சொல்லுங்கள், அவரையும் தனி த்ரெட்டில் போட்டுவிடுவோம்.