மாசியில் கொட்டிய அருவி

"சங்கரலிங்கம் எங்கவே?"

வேலாயுதம் இப்படிக் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தபோது நான் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்காசியில் எங்கள் அச்சகம் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துப் பிழைத்த காலம். முதலாளியின் ஆசைக்கு ஒரு மாதப் பத்திரிகையும் வந்துகொண்டிருந்தது. அதில் கதை எழுதுகிறவர் சங்கரலிங்கம், தாலுகா ஆபீஸ் கிளார்க். வேலாயுதம் அவருடைய மைத்துனர். பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி. கூட வந்த இரண்டு பேர் வாசலை மறித்து நின்றார்கள்.

"எந்தங்கச்சி கைப்புள்ளைய வச்சிக்கிட்டு அன்னந்தண்ணி இல்லாமக் கெடக்கா. கட்டுன பொண்டாட்டிய ஊரு சிரிக்க எழுதுவானா ஒருத்தன்? எழுதுத கைய ஒடிக்காமப் போமாட்டேன்."

சங்கரலிங்கம் உள்ளறையில் பேப்பர் கட்டுகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். அது எனக்கும் முதலாளிக்கும் மட்டுமே தெரியும். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கும் பயம்தான், மறைப்பானேன்.

விஷயம் இதுதான். அந்த மாதக் கதையை ஒரு கணவன் 'நான், நான்' என்று சொல்லிப்போவான். சந்தேகப் பிராணி. குற்றாலத்தில் தன் மனைவி வேறொருத்தனோடு சிரித்துப் பேசியதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் பண்ணுவான். ஆனால் அவன் சொல்வது முழுக்கப் புளுகு. சங்கரலிங்கத்தின் மனைவி கோமதியோ பிரசவத்துக்குத் தாய்வீடான ஆய்க்குடிக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்பதற்கு ஊருக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

"அண்ணாச்சி, அது கதை. சொல்லுதவன் பொய்யன். வாசிச்சாலே தெரியுமே" என்றேன்.

"எங்கவே தெரியுது? இந்தா, நீரே வாசியும்" என்று பத்திரிகையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வாசித்தேன். 'ஆடி மாதம். பேரருவி ஆர்ப்பரித்துக் கொட்டியது. சாரலில் நனைந்தபடி நின்று என் கண்ணால் பார்த்தேன்.'

நான் பார்த்து அனுப்பிய ப்ரூஃபில் அது 'மாசி மாதம்' என்றுதான் இருந்தது. முதலாளியைப் பார்த்தேன்.

"நாந்தாம்லே மாத்துனேன்" என்றார் அவர், தொண்டைக்குள்ளேயே. "மெஷின்ல ஏறும்போது பார்த்தேன். மாசியில அருவி கொட்டுதுன்னு தென்காசிக்காரன் போட்டா, ஊரு காறித் துப்பாதா?"

"அதுக்குத்தானே அவர் அப்படி எழுதினார்" என்று கத்திவிட்டேன். முதலாளியிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். பிறகு வேலாயுதத்திடம் திரும்பினேன். "அண்ணாச்சி, மாசியில பேரருவி எப்படி இருக்கும்?"

"பாறை காஞ்சுல்லா கெடக்கும். நூலு மாதிரி ஒழுகும்."

"அப்போ மாசியில ஒருத்தன் சாரல்ல நனைஞ்சுக்கிட்டுப் பார்த்தேன்னு சொன்னா?"

வாசலில் நின்ற ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார். "அவன் குத்தாலத்துக்கே போவலன்னு அர்த்தம்."

"அப்போ அவ?" என்றார் வேலாயுதம்.

"ஒரு தப்பும் பண்ணாதவ. நம்ம ஊர்க்காரனுக்கு அது புரியணும்னுதான் மாசின்னு எழுதியிருந்தார்."

அதற்குமேல் உள்ளே இருக்க முடியாமல் சங்கரலிங்கம் தானே வெளியே வந்தார். வேலாயுதத்தின் கை ஓங்கியது, நல்லவேளை, இறங்கவில்லை. "எனக்குப் புரிஞ்சிட்டு. அவகிட்ட வந்து சொல்லும். நீரும் வாரும்வே" என்று என்னையும் பஸ் ஏற்றிவிட்டார்.

ஆய்க்குடியில் கோமதி கதவோரம் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். மாசி, ஆடி விவரத்தை நான்தான் சொன்னேன். அடுத்த இதழில் திருத்தம் வரும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சங்கரலிங்கத்துக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அப்புறம் அவள் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தக் கதையில அவ ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசல?"

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அவ வாயத் தொறந்து 'நான் அங்கன போவல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எம்மானத்த ஒரு மாசத்துப் பேருல தொங்க விட்டிருக்க வேண்டாம்லா? அவள எழுதிட்டு வாங்க. அப்புறம் நான் வாரேன்."

வெறுங்கையோடு திரும்பினோம். அடுத்த இதழில் திருத்தமும் வந்தது, அந்த மனைவி தன் வாயால் சொல்லும் கதையும் வந்தது. முதலாளி ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அதை வாசித்த பிறகுதான் கோமதி தென்காசிக்கு வந்தாள்.

ப்ரூஃப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கதையில் தப்பு கண்ணில் பட்டால், அது எழுதியவரின் தப்பா, கதை சொல்கிறவனின் தப்பா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள். இது அச்சகத்தில் கற்றது. ஆய்க்குடியில் கற்றது வேறு: எந்தக் கதை கைக்கு வந்தாலும், இதில் பேசாமல் இருப்பது யார் என்று முதலில் பார்ப்பேன்.