நயினாதீவுப் படகில் ஒரு மேர்பி

காலை ஒன்பது மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகு ஏறினோம். ஆளுக்கு நூறு ரூபாய். இருபது நிமிடப் பயணம். கடலுக்கும் வானத்துக்கும் ஒரே வெளிர்நிறம். படகு ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஆறு மாத வயிற்றோடு இருந்த எனக்குக் கண் சொருகியது.

என் கணவர் ஷோன் மேர்பி அயர்லாந்துக்காரர். நான் பக்கத்துத் தீவான வேலணை. வயிற்றில் மகன் என்று ஸ்கானில் சொல்லிவிட்டார்கள். அவன் பெயருக்குப் பின்னால் எது வருவது என்று எங்களுக்குள் மாதக்கணக்காக இழுபறி. அவருக்கு மேர்பிதான் வேண்டும். எனக்கோ போன வருடம் காலமான அப்பாவின் பெயர், சிவபாதம். நான் ஒரே பிள்ளை. என்னோடு அந்தப் பெயர் முடிந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பக்கத்தில் நாரந்தனை ஊர் அக்கா ஒருவர் இருந்தார். இவரின் பெயரைக் கேட்டார்; ஷோன் மேர்பி என்றேன். எங்கள் ஊரில் இரண்டாவது பெயர் என்றால் தகப்பன் பெயர்தான். அதனால் அக்கா நேரே தகப்பனைப் பற்றியே கேட்டார்.

“மேர்பி என்ன செய்யிறவர்? உவற்ற தேப்பன்தானே?”

“இல்லை அக்கா, அது பரம்பரைப் பேர்.”

நான் மொழிபெயர்த்ததும் ஷோனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குத்துச்சண்டை வீரர், நடிகர், அமைச்சர், பிஷப் என்று பேர்பெற்ற மேர்பிகளை அடுக்கினார். தேர்வடம் பிடிக்க வந்த சனம் போல அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

“உவையள் இருக்கட்டும் பிள்ளை. இவரைப் பெத்த தேப்பன்ரை பேர் என்ன?”

ஷோன் கடலைப் பார்த்தார். “டொனல். பஸ் ஓட்டினார். அவரை யாருக்கும் தெரியாது.” செத்துப்போன தகப்பனைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அபூர்வம்.

நயினாதீவு அம்பாள் கோவிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றோம்.

“ஆற்ற பேருக்கு?” என்றார் ஐயர். யாருடைய பெயருக்கு அர்ச்சனை என்று கேட்கிறார் என ஷோனுக்குச் சொன்னேன்.

சட்டை கழற்றிய சிவந்த தோளோடு நின்ற ஷோன், “டொனல்” என்றார். இறந்தவர்களுக்கு அர்ச்சனை செய்வதில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஐயர் என் வயிற்றைப் பார்த்தார்.

“பிள்ளைக்கோ?”

“ஓம்,” என்றார் ஷோன், கேள்வி விளங்காமலே. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல், எங்கள் ஊர் ‘ஆம்’, அதுதான்.

நான் வாய் திறக்குமுன் மணி அடித்தது. பிறக்காத பிள்ளைக்கு அம்பாள் முன்னால் பெயர் வைத்தாயிற்று. எனக்குப் பகீரென்றது. முன்பெயரும் அவர்கள் பக்கம் போய்விட்டதே!

திரும்பும் படகில் நடந்ததை அவருக்கு விளக்கினேன். அவர் கண் கலங்கினார். பிறகு, “அப்படியானால் டொனல் சிவபாதம்,” என்றார்.

“மேர்பி?”

“அது ஊரெல்லாம் இருக்கிறது. ஒன்று குறைந்தால் தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் எங்களை விட்டால் ஆளில்லை.”

கரை வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். ஒருவரையொருவர் கண்டிராத அந்த இரண்டு அப்பாக்களும் எங்களோடு ஒரே பலகையில் உட்கார்ந்து வருவது போல இருந்தது.