உப்புத் தண்ணீர்ச் செய்தியைத் தூக்கியது யார்?

எங்கள் பழைய ஆசிரியர் பொய் சொல்கிறார். நான் முன்பு வேலை பார்த்த அவருடைய அறிவியல் செய்தித் தளத்தில் இப்போது 'எங்கள் வரலாறு' என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறார். திருவொற்றியூர் அடிபம்புகளில் ஏன் உப்புத் தண்ணீர் வருகிறது என்ற கட்டுரைதான் தளத்தின் பெருமையாம். அதை எழுதியவள் நான். தளத்திலிருந்து தூக்கியவர் அவர்.

டயல்-அப் காலம். ராயபுரத்தில் ஒரு மீன் கடைக்கு மேலே ஆபீஸ். ஒரே கம்ப்யூட்டர், ஒரே போன் லைன். அதன் எக்ஸ்டென்ஷன் கீழே கடையில். கடைக்கார மேரியக்கா ரிசீவரை எடுத்தால் மாடியில் இன்டர்நெட் அறுந்துவிடும். பேஜ் ஏற்றுவதற்கு முன் படியில் நின்று, "யக்கா, போன எடுக்காத" என்று கத்த வேண்டும். எம்.எஸ்சி. பிசிக்ஸ் படித்த எனக்கு அதுதான் முதல் நாள் வேலை.

போட்டதெல்லாம் வெளிநாட்டுச் செய்தியின் மொழிபெயர்ப்பு. செவ்வாயில் தண்ணீர்த் தடயம் என்று ஒருமுறை ஏற்றிவிட்டு மேரியக்காவிடம் சொன்னேன்.

"அங்க தண்ணி கீதா? திருவொத்தியூர்ல எங்க தெரு பம்புல உப்புதான் வந்துகினு கீது. அது இன்னாத்துக்குன்னு எழுதேன்."

எழுதினேன். நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே நுழைவதையும், அதிகம் உறிஞ்சுவது தொழிற்சாலை போர்வெல்கள் என்பதையும் எழுதி ஏற்றினேன். மறுநாள் காலையில் ஆசிரியர் வியர்த்து வந்தார். எங்களுக்கு விளம்பரம் தரும் தொழிற்சாலையிலிருந்து போன் வந்ததாம்.

"இது அறிவியலாம்மா? கவுன்சிலர்கிட்ட கொடுக்கற மனு. எடு உடனே."

"எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப நாளைலேர்ந்து நீ வராத."

கட்டுரையை எடுக்க அவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். மோடம் கீச்சிட்டு லைன் கிடைத்தது, அறுந்தது. மறுபடி போட்டார், மறுபடி அறுந்தது. எங்கள் சண்டை கீழே வரை கேட்டிருக்கிறது. படிக்கு ஓடி, "மேரி, போனை வை" என்றார்.

"காசிமேட்டுல வஞ்சிரம் இன்னா வெலன்னு கேட்டுகினு கீறேன் நைனா. ஐஸ் உருகுது. ஒனக்கின்னா பேஜாரு?"

அன்று முழுக்க மேரியக்கா வஞ்சிரம், சங்கரா, நண்டு என்று விலை கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் திருவொற்றியூர்க்காரர்கள் அங்குள்ள பிரவுசிங் சென்டர்களில் கட்டுரையைப் பிரின்ட் எடுத்துப் பம்புகளில் ஒட்டிவிட்டார்கள். சாயங்காலம் ஆசிரியர் அடையாறில் இருக்கும் மச்சினர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் கட்டுரையை அழித்தார். என் வேலையும் போனது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, செய்திக்காக அமெரிக்காவைப் பார்க்கும் முன் உங்கள் தெரு பம்பை ஒரு தரம் அடித்துப் பாருங்கள்.

ஆசிரியரே, எனக்குத் தனியாக மெயில் அனுப்ப வேண்டாம். உங்கள் முகப்புப் பக்கத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள்: அன்றைக்கு ஆட்டோ பிடித்து அடையாறு வரை போனது எதற்கு?